வேடியப்பன் கைராசி

பாவாடைக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, பச்சை மிளகாயை அரைத்து உள்ளே பூசினமாதிரி எரிந்தது. ஏன் என்று கேட்டால் தெருவே சொல்லும்: முதலாளி அவனிடமிருந்து காரைப் பிடுங்கிக்கொண்டு டிராக்டரைக் கொடுத்துவிட்டார்.

முதலாளி பொன்னுரங்கம், கள்ளக்குறிச்சியில் மரவள்ளிக்கிழங்கு வியாபாரி. அவருடைய டீசல் கார் பழசுதான், ஆனால் டர்போ வைத்த எஞ்சின். வாங்கின நாளிலிருந்து அதை ஓட்டினவன் பாவாடை. கல்வராயன் மலைக்குப் போய்க் கிழங்கு விலை பேசுகிற வேலை கூடினதும், "மலைக்கு மலைக்காரன்தான்யா சரி" என்று வெள்ளிமலைப் பக்கத்து வேடியப்பனைக் கொண்டுவந்து ஸ்டியரிங்கில் உட்காரவைத்தார் முதலாளி. "நீ டிராக்டர் பாத்துக்க பாவாடை. உனக்கும் வயசாவுதில்ல?" என்றார். வயசாம், வயசு! அவருக்கு இவனைவிட நாலு வயசு கூட.

அதோடு விட்டாரா? வேடியப்பன் சாவி வாங்கின அன்றைக்கே, மணலூர்பேட்டைப் பூசாரி மந்திரித்துக் கொடுத்த படிகாரத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்து எடுத்துவந்தார். திருஷ்டிக் கயிறு என்றால் ஊரில் எல்லாரும் முன்னால் பம்பரில் தொங்கவிடுவார்கள். இவர் பானெட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினார். "வெளிய கட்டினா கண்டவன் அவுத்துடுவான். கண்ணு பொல்லாதது" என்று சொல்லிக்கொண்டே திரும்பி அவர் பார்த்தது பாவாடையைத்தான். "இந்தக் கயித்துல எவனாவது கை வச்சான், அன்னியோட அவன் வேலை காலி."

அன்றைக்குப் பிடித்தது சனி. கார் பறக்க ஆரம்பித்தது.

பாவாடை இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏற்றின கொண்டை ஊசி வளைவுகளை வேடியப்பன் மூன்றாவதிலேயே ஏற்றினான். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "கைராசின்னா இதான்யா! இவ்ளோ நாளா எருமை மாதிரி கெடந்த வண்டி, வேடியப்பன் கை பட்டதும் குதிரை ஆயிடுச்சி." பக்கத்தில் டீ கிளாசோடு நிற்கிற பாவாடைக்கு அந்த டீ தொண்டைக்குக் கீழே இறங்காது. எருமையாம்! எருமை யாரு, வண்டியா, ஓட்டினவனா?

"தூக்கத்துல பல்லக் கடிக்கிறியே, இன்னா ஆச்சி உனக்கு?" என்று கேட்டாள் அவன் பெண்சாதி காசியம்மாள்.

"அவன் கை ஒடைஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"அடப்பாவி மனுசா! அவரு கயிறு கட்டினது சரிதான் போல."

ஒருநாள் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறுகிற ரோட்டில் டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு பீடி பற்றவைத்தான். கார் அவனைத் தாண்டி ஏறிப் போனது. விசில் சத்தம் கேட்டது. டர்போ என்றால் விசிலடிக்கும், அது புதுசில்லை. ஆனால் ஓர் இடத்துக்கு வந்ததும் அந்தச் சத்தம் அடங்க வேண்டும். இது அடங்கவில்லை. மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. பாவாடை பீடியைக் கீழே போட்டுவிட்டான்.

விஷயம் இவ்வளவுதான். எஞ்சின் விடுகிற புகை டர்போவைச் சுற்றும். டர்போ சுற்றினால் எஞ்சினுக்குள் காற்று அழுத்தமாகப் போகும், வண்டி இழுக்கும். அழுத்தம் போதுமான அளவுக்கு வந்ததும், அந்தக் காற்றே ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியாகப் போய் ஒரு கதவைத் தள்ளித் திறக்கும். மிச்சப் புகை டர்போவைத் தொடாமல் வெளியே போய்விடும். கதவு திறக்காவிட்டால் காற்று ஏறிக்கொண்டே போகும். வண்டி பறக்கும். பறந்து பறந்து ஒருநாள் கேஸ்கெட் வெடித்து, பிஸ்டன் வெந்து, நடு மலையில் படுத்துவிடும்.

நேரே முதலாளியிடம் போனான். "மொதலாளி, வண்டியில காத்து ஜாஸ்தியா ஏறுது. அது கைராசி இல்லீங்க, கோளாறு."

பொன்னுரங்கம் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். "இழுக்காத வண்டிய கோளாறுன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். நல்லா இழுக்கிற வண்டிய கோளாறுன்னு சொன்ன மொத ஆளு நீதான்யா. வயித்தெரிச்சலுக்கு மருந்து கெடையாது, போ."

வேடியப்பன் பக்கத்தில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை. கமுக்கமாக நிற்கிறான் பார், ஊமைக்கோட்டான் என்று பாவாடை மனசுக்குள் வைதான்.

விடுவானா? உளுந்தூர்பேட்டை லாரி ஷெட்டில் இருந்த கூட்டாளி அய்யனாரிடம் கெஞ்சி, காற்று அழுத்தம் பார்க்கிற டயல் ஒன்றை இரவல் வாங்கி டிராக்டர் பெட்டியில் போட்டுவைத்தான். முதலாளி மேல் அக்கறையில் வாங்கினான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் முன்னால் வேடியப்பன் மூஞ்சியில் கரியைப் பூச வேண்டும், அதற்குத்தான்.

ஆடி பிறந்ததும் அதற்கு வேளை வந்தது. ஆனால் நாலு பேர் இல்லை. பாவாடை காலி டிராக்டரோடு மலை ஏறிக்கொண்டிருந்தான். வளைவு திரும்பினால், கார் பானெட்டைத் திறந்துபோட்டு நிற்கிறது. எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகிற தடித்த ரப்பர் பைப் மூட்டோடு பிடுங்கிக்கொண்டு தொங்கியது. முதலாளி வெள்ளிமலை பஸ்ஸுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யாவாரம் காத்துக்கினு இருக்காது. நான் பஸ்ஸுல போறேன், நீ சரி பண்ணி எடுத்துக்கினு வா வேடியப்பா." பஸ் படியில் நின்று பாவாடையைப் பார்த்து விரலை ஆட்டினார். "நீ கயித்துப் பக்கம் போன, தெரியும் சேதி!"

பஸ் போனது. பாவாடை பேசாமல் பைப்பை மாட்டிக் கிளிப்பை முறுக்கினான். டயலின் டியூபைக் காற்றுப் பாதையில் செருகி, டயலை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டான். "சாவி குடு" என்றான். வேடியப்பன் கொடுத்தான்.

அவன் சீட்! அதை முன்னால் தள்ளிப்போட்டிருந்தான் குட்டையன். ஸ்டியரிங்கில் வேறு யாரோ கையெண்ணெய் பிசுக்கு. பாவாடைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கியரைப் போட்டு மேட்டில் மிதித்தான்.

ஐயோ, என்ன இழுவை! பன்னிரண்டில் நிற்க வேண்டிய முள் பதினைந்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது, நிற்கவே இல்லை. அவன் கையில் அந்த வண்டி ஒருநாளும் அப்படிப் போனதில்லை. ஒரு கணம் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கணம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அட நாசமாப் போறவனுங்களா, என் கையிலயும்தான்டா பறக்குது!"

நிறுத்தினான். பானெட்டைத் திறந்து, கதவைத் தள்ளுகிற கம்பியைத் துணி சுற்றித் தள்ளிப் பார்த்தான். இலகுவாகப் போய் வந்தது. அப்படியானால் கதவு இறுகவில்லை. ரப்பர் டியூபை விரலால் தடவிக்கொண்டே போனான். ஓட்டையில்லை, வெடிப்பில்லை. பின்பக்கம் திரும்புகிற இடத்தில் விரல் ஒரு முடிச்சில் இடித்தது. கறுப்புக் கயிறு. படிகாரம். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கின இறுக்கலில் டியூபின் கழுத்து தட்டையாக ஒட்டிப்போயிருந்தது. காற்று எங்கே போய்க் கதவைத் திறப்பது?

பாவாடை கண்ணுக்குப் பயந்து கட்டின கயிறு! அவனுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் இரண்டு நடை இப்படியே ஏறினால் எஞ்சின் வெந்துவிடும். பழி யார் தலையில்? கைராசிக்காரன் தலையில். டிரைவர் சீட் யாருக்கு? கயிற்றைத் தொட வேண்டாம், ஒரு வார்த்தை பேச வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

டயலைக் கழற்றிக்கொண்டு பானெட்டை டப்பென்று மூடினான். "ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்குது. எடுத்துக்கினு போ."

வேடியப்பன் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறிக் கிளம்பினான். பாவாடை டிராக்டர் பக்கம் நடந்தான். முதுகுக்குப் பின்னால் அந்த விசில் ஏறியது. ஏறியது, இன்னும் ஏறியது. பெற்ற பிள்ளையை எவனோ போட்டு அடிக்கிறமாதிரி இருந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தான், காதைப் பொத்திப் பார்த்தான். முடியவில்லை.

"டேய் நிறுத்துடா! நிறுத்துடா வேடியப்பா!" வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினான்.

கண்ணாடியில் பார்த்து வேடியப்பன் நிறுத்தினான். பாவாடை மூச்சு வாங்கிக்கொண்டே பானெட்டைத் தூக்கிக் கயிற்றில் கை வைத்தான்.

"அண்ணே, வேணாண்ணே. மொதலாளி சொன்னாரில்ல."

"மூடிக்கினு டார்ச்சப் புடி."

முடிச்சை அவிழ்த்தான். ஒட்டிப்போன டியூபை உருட்டி உருட்டிப் பழைய உருண்டைக்குக் கொண்டுவந்தான். படிகாரத்தைப் பக்கத்தில் இருந்த பேட்டரிக் கம்பியில் அதே முடிச்சாகப் போட்டுக் கட்டினான். மறுபடியும் டயலை மாட்டி ஓட்டினான். முள் ஏறியது. பன்னிரண்டுக்கு வந்தது. நின்றது. விசில் அடங்கியது. இரண்டாவது கியரில் முக்கி முனகிக்கொண்டு ஏறியது வண்டி, அவனுடைய பழைய எருமை.

வெள்ளிமலையில் முதலாளி வந்ததும் வராததுமாகப் பானெட்டைத்தான் திறக்கச் சொன்னார். "கயிறு எடம் மாறியிருக்குதே! எவன் கை வச்சது?"

பின்னாலேயே டிராக்டரில் வந்து சேர்ந்திருந்தான் பாவாடை. டிராக்டரும் போச்சு என்று நினைத்தான்.

"நான்தாங்க மொதலாளி" என்றான் வேடியப்பன். "பைப்பு புட்டுக்கினப்ப அறுந்துடுச்சிங்க. திரும்பக் கட்டினேன்."

"அட, நீயா? நீன்னா சரி." முதலாளி முகம் மலர்ந்தது. மறுநாள் டீக்கடையில் பாவாடையை வைத்துக்கொண்டே சொன்னார்: "முன்னல்லாம் ஒரே சத்தம்யா. இவன் கையால கயித்த மாத்திக் கட்டினான் பாரு, இப்ப சத்தமே இல்லாம இன்னா நைசா போவுது! எல்லாம் கைராசி."

அந்த ஞாயிற்றுக்கிழமை வேடியப்பன் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பாவாடை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ரெண்டு மாசமா பயந்துக்கினுதாண்ணே ஓட்டினேன். என் கையில வண்டி இல்ல, அது தானா போவுதுன்னு தெரியும். அவரு புகழ்ந்துக்கினே இருந்தாரா, வாய் வரல. நீ ஓடியாரலன்னா நான் பள்ளத்துல கெடப்பேன். உன்ன மாதிரி வண்டி தெரிஞ்ச ஆளு இல்லண்ணே."

"இத அவருகிட்ட போய்ச் சொல்லுடா!"

"சொன்னா கயித்த அவுத்தது நீதான்னு தெரிஞ்சிடும். டிராக்டரும் பூடும்ண்ணே."

அது நிஜம். பாவாடையின் அருமை தெரிந்த ஆள் உலகத்தில் ஒரே ஒருத்தன், அந்த ஒருத்தனும் இந்தப் பயல்தானா! கை ஒடிய வேண்டும் என்று சபித்த அதே கை, இப்போது பழத்தை இறக்கிவைத்துவிட்டு அவனைக் கும்பிட்டது. வேடியப்பன் காரைத் திருப்பிக்கொண்டு போனான். விசில் ஏறி, சரியான இடத்தில் அடங்கியது.

காசியம்மாள் பழத்தைப் பிளந்து ஒரு சுளையை நீட்டினாள். "மலைப் பழம், தின்னு பாரு."

புளிக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே வாயில் போட்டான். தேனாக இனித்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வைதுகொண்டே இன்னொரு சுளைக்குக் கையை நீட்டினான்.