எலுமிச்சையில் வெந்த மீன்

ஒருவன் வாராவாரம் உங்களுக்கு மீன் பரிமாறிவிட்டு, தான் மட்டும் அந்தத் தட்டில் கையே வைக்காமல் இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் இத்தனை மாதமாக ஒன்றும் நினைக்கவில்லை, இன்று மதியம் டாக்டர் சொன்ன பிறகுதான்... கல்லீரலில் புழுவாம், இலை மாதிரி தட்டையாக, பித்தக் குழாயில் குடித்தனம் பண்ணுகிறதாம், வேகாத ஆற்று மீனிலிருந்து வருமாம், கூடச் சாப்பிட்டவர்களையும் கூட்டி வாருங்கள் என்றார். கூட யார் சாப்பிட்டார்கள்? பரிமாறியவன் இதோ அடுப்படியில் நிற்கிறான், என் அறைக்கூட்டாளி, படகுப் பட்டறையில் நான் வெல்டர், அவன் பெயிண்டர், இந்த ஊரில் தமிழில் பேச அவனை விட்டால் எனக்கு ஆளில்லை, லீவு நாளில் ஆற்றில் தூண்டில் போடுவான், மீனை மெல்லிசாகச் சீவுவான், எலுமிச்சம்பழம் பிழிவான், சதை வெளுத்ததும் வெந்துவிட்டது என்பான், அடுப்பே வேண்டாமாம்... எனக்கும் வெந்த மாதிரிதான் தெரிந்தது, வெள்ளையாக இருந்ததே. ஆனால் அவன் ஏன் தின்பதில்லை? எனக்கு அப்புறம், அப்புறம் என்று சொல்லியே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான். தெரிந்தே செய்கிறானா? என்னைப் படுக்கையில் தள்ளினால் அவனுக்கு என்ன கிடைக்கும், ஜன்னலோரக் கட்டிலா? சிரிப்பு வருகிறது, விலாவுக்குக் கீழே வலித்ததும் பாதியில் நின்றுவிடுகிறது... டாக்டர் தந்த மாத்திரையைக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், எதற்கு ஒளித்தேன்?

தட்டைக் கொண்டுவந்து வைத்தான், சாப்பிடு என்றான். "இன்னைக்கு நீ முதல்ல சாப்பிடு மச்சான்." என் முகத்தையே பார்த்தான், மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்... "நிஜமாவா? மாட்டுறதே பொடி மீனு, உனக்கே பத்தாதுன்னுதான்டா நான் தொடுறதில்ல." சம்மணம் போட்டு உட்கார்ந்தான், ஒரு துண்டு, இன்னொரு துண்டு, விரலை நக்கிக்கொண்டு... போதும் நிறுத்துடா என்று வாய் வரை வந்தது, அப்படியென்றால் இவ்வளவு நேரம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பானே, என்ன சொல்வேன்? ஒருவேளை நடிக்கிறானோ, அடுத்த துண்டில் தெரிந்துவிடும், அதற்கடுத்ததில்... தட்டு காலி. "பரவால்லடா, நல்லாத்தான் பண்ணிருக்கேன். இத்தன நாளா நீ சொல்லவே இல்ல பாரு." நானே தட்டை எடுத்துப்போய்க் கழுவினேன், தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டு நின்றேன், இத்தனை நாள் அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்...

மறுநாள் காலை அவன் குளிக்கப் போன நேரத்தில் என் மாத்திரையை விழுங்கினேன், மீதி இருந்த எலுமிச்சம்பழங்களைக் குப்பையில் போட்டேன், அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.