இரண்டு நட்சத்திரப் படகு

என் வீட்டுக்காரர் கயாக் படகுகளைக் கடலில் ஓட்டிப் பார்த்து விமர்சனம் எழுதுகிறவர். ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு அது. அவர் ஐந்து நட்சத்திரம் போட்டால் கடையில் அந்தப் படகு தங்காது. இரண்டு போட்டால் கடையை விட்டு நகராது.

வீட்டில் அவர் விமர்சனத்துக்கு இருக்கிற மரியாதையே வேறு. "டீ அருமை" என்றார் என்றால் சர்க்கரை தூக்கல் என்று அர்த்தம், நானும் மகளும் சுடுதண்ணீர் கலந்துகொள்வோம். "படம் பிரமாதம்" என்றால் தலையணையோடு உட்காருவோம். "கொஞ்சம் நடந்தா வந்துரும்" என்றால் டாக்சியைக் கூப்பிடுவோம். இவ்வளவு தெரிந்தவள், படகு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டேன்.

வளைகுடாவுக்கு நடுவே ஒரு பாறைத்தீவு. ஞாயிறுதோறும் தனியாக அங்கே போய்வருவார். பாறையிடுக்கில் பறவைகள் அடைகாப்பதைச் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. என் கண்ணால் பார்க்க வேண்டும், அதுவும் அவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அவரை அசத்துவதாக நினைத்து, அவர் ஐந்து நட்சத்திரம் போட்ட பச்சைப் படகைச் சொல்லாமல் கொள்ளாமல் வாங்கி வந்தேன். 'உயிருள்ள படகு, இடுப்பை அசைத்தாலே திரும்பும்' என்று எழுதியிருந்தார்.

கரையோரத்தில் அதில் ஏறி உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டேன். படகு திரும்பியது, நான் தலைகீழாகப் போனேன்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் அந்த இருட்டும் மூக்கில் ஏறிய உப்பும் என்னை உலுக்கிவிட்டன. "இனிமே என்னைக் கடல் பக்கம் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"நான் ஒண்ணும் பொய் எழுதலையே" என்று அவர் அந்த விமர்சனத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். அடுத்த ஞாயிறு அவரும் போகவில்லை. ஜன்னல் கம்பியைத் துடைத்தார், ஏற்கெனவே அடுக்கிய அலமாரியை மறுபடி அடுக்கினார். விழுந்தது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்த மனுஷன் கடலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் பொறுக்கவில்லை.

நான் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேன். அதே டாக்டர், அதே நாற்காலி. ஒருவர் வெளியே வந்து "வலிக்கவே இல்லைங்க" என்பார், அடுத்தவர் ஊரைக் கூட்டுவார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். ஒருநாள் அப்படி இருவர் அடுத்தடுத்து வந்து போனபோதுதான் எனக்கு உறைத்தது. டீயில் செய்கிறதை நான் ஏன் படகில் செய்யவில்லை?

மதியம் சாப்பிட்டுக்கொண்டே அவருடைய பழைய விமர்சனங்களைப் போனில் படித்தேன். அவர் வாயாரத் திட்டியதாகத் தேடினேன். ஒரு மஞ்சள் படகு கிடைத்தது. 'உப்புச்சப்பில்லாதது. அகலம் அதிகம். தலைகீழாக நின்றாலும் கவிழாது. இதில் போவதும் சோபாவில் போவதும் ஒன்று. இரண்டு நட்சத்திரம்.'

எனக்கு வாயெல்லாம் பல். நேரே கடைக்குப் போனேன்.

"உங்க வீட்டுக்காரர் கிழிச்சு தொங்கவிட்ட படகும்மா இது" என்றார் கடைக்காரர். "அதுலேர்ந்து மூலையிலேயே கிடக்கு."

"அதனாலதான் கேக்கறேன். பச்சையை எடுத்துக்கிட்டு இதைக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் மஞ்சள் படகையும் துறையில் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். "இதுலயா?" என்றார்.

"சோபா எனக்குப் பழக்கம்தானே. வாங்க, போகலாம்."

வழியில் வேண்டுமென்றே தும்மிப் பார்த்தேன். படகு அசையவில்லை. ஆனால் நகரவும் யோசித்தது. அவர் ஒல்லிப் படகில் முன்னே போவார், நின்று திரும்பிப் பார்ப்பார், என்னை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், மறுபடி போவார். தீவை நெருங்கியதும் இரண்டு படகும் உரசிக்கொண்டு நின்றன. பாறையிடுக்கில் ஒரு பறவை முட்டையைக் காலால் நகர்த்திவிட்டு மேலே உட்கார்ந்தது. அவர் என் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தார். "அந்த மஞ்சளுக்கு அஞ்சு போட்டுடறேன்."

"கையை எடுங்க" என்றேன். "உங்களுக்குப் பிடிச்சுதா அது?"

"எனக்கா? சுத்தமா பிடிக்கல."

"அப்ப ரெண்டே இருக்கட்டும். நீங்க நிஜமா திட்டினதாலதான் நான் கண்டுபிடிச்சேன். என்மேல இருக்கற பிரியத்துல அஞ்சு போட்டா, அடுத்த தடவை நான் எதை நம்பி வாங்குவேன்?"

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு நட்சத்திரத்தைத் தொடாமல், விமர்சனத்தின் ஆரம்பத்தில் இதை மட்டும் சேர்த்தார்: 'இதை எழுதுபவன் ஆறடி உயரம், ஒல்லி, அவசரக்காரன். நீங்கள் எப்படி என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.'

படித்துப் பார்த்தேன். எல்லாம் சரிதான், அந்த 'அவசரக்காரன்' ஒன்றைத் தவிர. அன்று போக வர வழி முழுக்க எனக்காக நின்று நின்று வந்தவர் அவர். ஆனால் அது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன்.