நான்காவது முச்சந்தி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே மரீஸ் லகோம்ப் தயாராகிவிட்டாள். சக்கரங்களுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, இரண்டு தண்ணீர் பாட்டிலையும் நிரப்பி, சைக்கிளை வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். மூன்று வருடமாக அவள் காத்திருந்த காலை அது.

ஓய்வு பெறும்வரை மரீஸ் பால் லாரி ஓட்டியவள். லாவெஸ் கிராமத்திலிருந்து கணவாய்க்கு ஏறும் பதினோரு கிலோமீட்டர் சாலையில் இருபத்திரண்டு வருடம், பனி, மழை, மூடுபனி என்று எல்லாவற்றிலும் போய் வந்திருக்கிறாள். எந்த வளைவில் கியர் மாற்ற வேண்டும், எங்கே மாடு குறுக்கே வரும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஓய்வுக்குப் பிறகு அதே சாலையில் சைக்கிளில் ஏறத் தொடங்கினாள். ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் மோட்டார் சைக்கிள்காரர்களும், படுக்கை அடுப்போடு ஊர் சுற்றும் வீட்டு வண்டிக்காரர்களும் சாலையைத் தங்களுடையதாக்கிக்கொள்வார்கள். ஆறு வருடம் அவள் சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஜல்லிக்கும் முள்செடிக்கும் நடுவில்தான் மிதித்தாள். ஒருநாள் ஒரு வண்டியின் கண்ணாடி முழங்கையில் இடித்துவிட்டு நிற்காமல் போனது. அன்றைக்குத்தான் தீர்மானித்தாள். மற்ற மலைகளில் செய்கிறார்களே, வருடத்தில் ஒரே ஒரு காலை இந்தச் சாலையையும் வண்டிகளுக்கு மூடட்டும்.

மேயர் “பாக்கலாம்” என்றார். அந்தப் பாக்கலாமுக்கு ஒன்றரை வருடம் ஆனது. வேட்டைக்காரர் சங்கம் முடியாது என்றது. சுற்றுலாக் கூடார முகாம் நடத்துபவர் தன் வியாபாரம் படுத்துவிடும் என்று குதித்தார். மரீஸ் பத்தொன்பது கடிதம் எழுதினாள். கடைசியில் மாவட்ட நிர்வாகத்திலிருந்து உத்தரவு வந்தது: ஜூன் இரண்டாம் ஞாயிறு, எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை சாலை சைக்கிளுக்கு மட்டும். மருத்துவரும் தீயணைப்பு வண்டியும் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. வழியில் குறுக்கிடும் ஆறு முச்சந்திகளிலும் தடுப்பு போட்டு, மஞ்சள் சட்டையோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். ஓர் இடத்தில் ஆள் இல்லாவிட்டாலும் அடுத்த வருடம் கிடையாது.

ஆறு ஆட்களையும் அவளே பிடித்தாள். கணவன் ரெஜிஸ் முதல் முச்சந்தி. ரெஜிஸின் தம்பி தியெரி நான்காவது.

ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

“மரீஸ், கோவிச்சுக்காத. முதுகு புடிச்சுக்கிச்சு. படுக்கைய விட்டு எந்திரிக்க முடியல.”

“நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்த? பெட்டி தூக்கிக்கிட்டுப் போனியே?”

“அதனாலதான் புடிச்சிருக்கும். முதுகு என்ன சொல்லிட்டா புடிக்கும்?”

அவள் தொலைபேசியை வைத்தாள். தெரிந்தவர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். இருவர் சைக்கிளோடு ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள், ஒருத்தி மாதா கோவிலில், ஒருவர் எடுக்கவே இல்லை. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மரீஸ் நான்காவது முச்சந்திக்கு வந்து, சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டு, மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கச் சாலைக்குக் குறுக்கே தடுப்பை இழுத்துப் போட்டாள்.

அந்த இடத்தில் பத்து மணிவரை வெயில் விழாது. சைக்கிள் ஓட்டப் போட்ட மெல்லிய சட்டையில் அவளுக்குக் குளிர் எலும்புவரை ஏறியது. எட்டேகாலுக்கு முதல் கூட்டம் வந்தது. இருவர் மூவராகச் சாலை முழுக்கப் பரவி, பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினாள். “நன்றி மதாம்!” என்று கத்தினார்கள். மரீஸும் கையை ஆட்டினாள். ஐம்பதாவது நன்றிக்குப் பிறகு கை எழவில்லை.

“மதாம், கழிப்பறை எங்க இருக்கு?”

“மலை முழுக்க இருக்கு.”

“காப்பி ஒண்ணும் இல்லையா இங்க? போன வருஷம் பக்கத்து மாவட்டத்துல ஆரஞ்சு கூட குடுத்தாங்க.”

“அப்ப அங்கயே போயிருக்கலாமே” என்றாள் மரீஸ். அந்த மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

பக்கச் சாலையிலிருந்து வந்தவர்கள் இன்னும் மோசம். மதாம் பூழே தன் சின்னக் காரில் வந்து ஹாரன் அடித்தாள். பக்கத்து இருக்கையில் செர்ரிப் பழ கேக், துண்டு போட்டு மூடியிருந்தது.

“பொண்ணு வீட்டுல விருந்து. தூக்கு இத.”

“பன்னெண்டு மணிவரை முடியாது மதாம். மூணு வாரமா நோட்டீஸ் ஒட்டியிருக்கே.”

“நோட்டீஸ் படிக்கிறதுதான் என் வேலையா? ரோட்ட மூட நீ யாரு?”

“நானில்ல. மாவட்ட நிர்வாகம்.”

“மாவட்ட நிர்வாகமா என் பொண்ணு வீட்டுல சாப்பிடப் போகுது? நாப்பது வருஷமா உன்னைப் பாக்குறேன் மரீஸ். லாரி ஓட்டறப்ப இவ்ளோ திமிர் இல்ல உனக்கு.”

கார் திரும்பிப் போனது. அந்தப் பக்கமாகச் சுற்றிப் போக முப்பது கிலோமீட்டர் என்பது மரீஸுக்கும் தெரியும்.

ஒன்பதரைக்கு ஜெரோம் டிராக்டரோடு வந்தான். பின்னால் புல் சுருட்டுகிற இயந்திரம். அவன் கத்தவில்லை. இறங்கி வந்து வானத்தைக் காட்டினான்.

“ரெண்டு மணிக்கு மழைன்னு சொல்றாங்க. அறுத்த புல்லு மூணு நாளாக் காஞ்சு கிடக்கு. நனைஞ்சா அவ்ளோதான், குளிர்காலத்துக்கு விலைக்கு வாங்கணும்.”

“நேத்தே சுருட்டியிருக்கலாமே ஜெரோம்?”

“நேத்து ஈரம் போகல. இல்லாட்டி நான் ஏன் ஞாயித்துக்கெழம வர்றேன்? நானூறு மீட்டர்தான் மரீஸ். அதோ என் வயல் தெரியுது.”

தெரிந்தது. இவன் அப்பா காலத்தில் அந்த வீட்டிலும் அவள் பால் எடுத்திருக்கிறாள். உத்தரவும் சட்டைப்பையில் இருந்தது. அவளுக்கு ஜெரோம் மேல் கோபம் வரவில்லை. தியெரியின் முதுகு மேல் வந்தது. கீழேயிருந்து சைக்கிள் எதுவும் தெரியாத நேரமாகப் பார்த்துத் தடுப்பைத் தூக்கினாள். “என் பின்னாலயே வா, மெதுவா” என்று சொல்லி, கையில் சிவப்புத் துணியோடு டிராக்டருக்கு முன்னால் நடந்தாள். அவன் வயலுக்குள் திரும்பியதும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். எட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த எட்டு நிமிடத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் தடுப்பின் ஓரமாக நுழைந்துவிட்டன. அவள் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை. சற்று நேரத்தில், மேலிருந்து இறங்கிவந்த ஓர் இளம்பெண் அவள் எதிரே கிறீச்சென்று நிறுத்தினாள். முழங்காலில் இரத்தம்.

“வண்டி வராதுன்னு நம்பித்தான வந்தோம்? வளைவுல நேருக்கு நேரா வந்தான். என்ன காவல் காக்கறீங்க நீங்க?”

மரீஸ் மன்னிப்புக் கேட்டாள். தன் பாட்டில் தண்ணீரால் காயத்தைக் கழுவிவிட்டாள். டிராக்டரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகிவிடப்போகிறது?

பதினொன்று ஐந்துக்கு, மின்சார மோட்டார் வைத்த புது சைக்கிளில் மேலிருந்து விசிலடித்துக்கொண்டே ஒருவன் இறங்கி வந்தான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“தியெரி!”

அவன் நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. “அட, நீயா நிக்கிற? நான் மேல் முச்சந்தி வழியா ஏறினேன், இங்க வேற யாராவது இருப்பாங்கன்னு...”

“முதுகு?”

“அதான் ஆச்சரியம் மரீஸ். நின்னாத்தான் வலிக்குது. உக்காந்து மிதிச்சா வலியே தெரியல.”

மரீஸ் மஞ்சள் சட்டையைக் கழற்றி அவன் மார்பில் அழுத்தினாள். “உக்காந்தே காவல் இரு. பன்னெண்டு அடிக்கிறவரை ஒரு ஈ கூட உள்ள போகக் கூடாது.”

“ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டு...”

“உக்காரு!”

கணவாய்க்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். அவள் நேரம் பார்த்துக்கொண்டாள், எப்படியும் நாற்பது நிமிடம். மூன்று மணி நேரம் நின்ற கால்கள் மரக்கட்டையாக இருந்தன. ஆட்கள் பெரும்பாலும் மேலே போய்ச் சேர்ந்துவிட்டதால் சாலை காலியாகக் கிடந்தது. இதைத்தானே கேட்டோம் என்று நினைத்தாள். ஆனால் அவள் மனம் மதாம் பூழேயோடும் தியெரியோடும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்ட பதில்களெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தன.

இன்னொன்றையும் கவனித்தாள். சைக்கிள் தானாக வலது ஓரத்துக்கே போனது. நடுவுக்குக் கொண்டுவந்தாள். பத்து மிதிக்குள் மறுபடியும் ஓரத்து ஜல்லியில் சக்கரம் நறநறத்தது. “நடுவுல போடி” என்று தன்னையே உரக்கத் திட்டிக்கொண்டாள். உயர்ந்த பீச் மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் நுழைந்தபோதுதான் கைகள் சொன்னபடி கேட்டன. சாலையின் நட்ட நடுவில், எதையும் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். சங்கிலியின் சத்தமும் அவள் மூச்சும்தான். எங்கோ ஒரு குயில். லாரி ஓட்டிய இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் காட்டில் குயில் கூவும் என்றே அவளுக்குத் தெரியாது. மூன்று வளைவு, நான்கு வளைவு. தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

ஐந்தாவது வளைவில் பின்னால் ஹாரன் கேட்டது.

மணி பதினொன்று நாற்பது. ஒரு பெரிய வீட்டு வண்டி, அதன் பின்னால் ஆறு கார்கள். மரீஸ் ஓரம் போகவில்லை. சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி இறங்கினாள்.

“யார் உங்கள உள்ள விட்டது?”

வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கினார். “மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தர். பாவம், முதுகு வலியாம். நிக்க முடியலன்னு சீக்கிரமே திறந்துட்டார். ரொம்ப நல்ல மனுஷன்.”

பின்னால் ஆறு ஹாரன்களும் சேர்ந்து அடித்தன. மரீஸ் சைக்கிளைப் புல்லுக்குத் தள்ளினாள். மீதித் தூரத்தை வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கமாகவே மிதித்தாள்.

கணவாயில் மேயர் தன் பதவிக்குரிய மூவண்ணப் பட்டை அணிந்து மேஜை மேல் ஏறி நின்றிருந்தார். பன்றி இறைச்சியும் ஒயினும் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தன. முந்நூற்று நாற்பது பேர் வந்ததாகவும், இது தன் நீண்ட நாள் கனவு என்றும் அவர் சொன்னார். மரீஸைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

“இதோ நம்ம மரீஸ்! அடுத்த வருஷமும் இவதான் பொறுப்பு!”

எல்லோரும் கைதட்டினார்கள். மரீஸ் மூச்சு வாங்கியபடியே, “அடுத்த வருஷம் நான் ஓட்டுறேன். நிக்கிறதுக்கு நீங்க ஆள் பாத்துக்குங்க” என்றாள். மேயர் பலமாகச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்.

இறங்கும்போது மழை தொடங்கிவிட்டது. நான்காவது முச்சந்தியில் தடுப்பு பாதிச் சாலையை மறித்தபடி குப்புறக் கிடந்தது, அதன் மேல் மஞ்சள் சட்டை. தியெரியைக் காணோம். ஜெரோமின் வயலில் புல் எல்லாம் சுருட்டியாகிவிட்டது. மரீஸ் இறங்கி, தடுப்பை ஓரத்துப் பள்ளத்துக்கு இழுத்துப் போட்டாள். வண்டியில் ஏற்றி ஊராட்சிக் கிடங்கில் சேர்ப்பதும் அவள் பொறுப்புத்தான். சேர்க்கவில்லை.

புதன்கிழமை மேயர் கூப்பிட்டார். “மரீஸ், தடுப்பு ஒண்ணு இன்னும் மேலயே கிடக்குதாம்.”

“தெரியும்” என்றாள். “உங்க கனவுதானே. நீங்களே போய் எடுத்துட்டு வாங்க.”

வைத்துவிட்டு, சைக்கிள் சங்கிலியில் ஒட்டியிருந்த ஜல்லித் தூளைப் பழைய துணியால் துடைக்க உட்கார்ந்தாள்.