பென்சோபீனோன் சீக்கிரம் அணைந்த கதை

என் கையையே நான் சந்தேகப்படும்படி செய்தவளை நாலு மாதமாகத் தோழி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெயர் ஏஸ்தெல். இருவருக்கும் ஒரே லேப், ஒரே கைடு. பென்சோபீனோன் என்ற வேதிப்பொருள் மேல் லேசரைப் பாய்ச்சினால் அது கிளர்ச்சியடைந்து சில மைக்ரோசெகண்டு அப்படியே இருக்கும். பக்கத்தில் அமீன் வகைச் சேர்மம் ஏதாவது இருந்தால் அது தன் எலக்ட்ரானை நீட்டும், இது சட்டென்று அடங்கிவிடும். எந்த அமீன் எவ்வளவு வேகமாக அடக்குகிறது என்று அளப்பது என் வேலை. அதை வைத்து எழுதும் ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் முதலில் வந்தால்தான் முனைவர் பட்டம்.

அமீன் சேர்க்காத கரைசலை முதலில் அளக்க வேண்டும். பத்து மைக்ரோசெகண்டு வர வேண்டிய இடத்தில் எனக்கு மூன்றுதான் வந்தது. ஆக்சிஜன் புகுந்தாலும் இப்படித்தான் சீக்கிரம் அடங்கும், அதை விரட்ட நைட்ரஜனை நன்றாக விடு என்றார் கைடு எழிலரசன் சார். இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினேன். அதே மூன்று. உனக்குக் கைப்பக்குவம் போதாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, வேலையை ஏஸ்தெலிடம் கொடுத்தார். அவளுக்குப் பத்து வந்தது. அன்று சாயங்காலம் மூலக்குளத்தில் என் வீடு வரை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டு, வழியில் பூரியும் வாங்கிக் கொடுத்தாள். வெட்கம் கெட்டுத் தின்றேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கிடைத்த நேரத்தில் எல்லாம் அளந்துகொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் நைட்ரஜன் விட்டும் போகாதது ஆக்சிஜனே இல்லை என்று நேற்றுதான் மண்டையில் உறைத்தது. பென்சோபீனோனைக் கரைக்கும் சால்வென்ட்டில் சீல் உடைக்காத பாட்டில் ஒன்றைத் திறந்து அளந்தேன். பத்து.

விலை அதிகம் என்பதால், மிஞ்சிய சால்வென்ட்டைப் பொது பாட்டிலிலேயே திருப்பி ஊற்றுவது எங்கள் லேப் வழக்கம். அமீன் கரைந்ததும் கரையாததும் பார்வைக்குத் தண்ணீர்தான். அமீன் கலந்ததைப் பொது பாட்டிலில் ஊற்றினாயா என்று ஏஸ்தெலிடம் கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை.

"நாந்தான் ஊத்துனேன், செல்வி. வெறும் சால்வென்ட்டுன்னு நெனச்சிட்டேன். மறுநாளே தெரிஞ்சிடிச்சி."

தெரிந்ததும் தனக்கு மட்டும் புது பாட்டில் எடுத்துக்கொண்டாள். பிரான்சில் ஆய்வு இடம் கிடைக்க அவளுக்கும் ஒரு கட்டுரை வேண்டியிருந்ததாம்.

பழைய பாட்டில், புது பாட்டில் இரண்டிலும் அளந்த வரைபடங்களை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். அவர் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்மா. போன மாசமே அந்தப் பொண்ணு வந்து சொல்லிடிச்சி. கட்டுரைய அனுப்பியாச்சி, இனிமே பேர மாத்துனா நல்லா இருக்காது. நீ வேற தலைப்பு பாரு."

போன மாதம் முழுக்க நான் அந்தப் பழைய பாட்டிலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் தினமும் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் நைட்ரஜன் விடு என்று சொல்லிவிட்டுப் போனார்.