ஏழு நீலங்கள்

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த மானிட்டரில் கடைசியாக ஏதோ ஒன்று வந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் பெருக்கல் குறி போல ஒரு சின்னக் கறுப்பு அடையாளம், வேறு ஒன்றுமில்லை. தணிகாசலம் தலையணையிலிருந்து கழுத்தை மட்டும் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவா நம்ம மெஷினு?" என்றார்.

"மெஷின்தாண்ணே. உள்ள ஏதோ ஓடாம நிக்குது. இருங்க, பாக்கறேன்."

மெரினுக்கு வியர்த்தது. காலாப்பட்டு ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே ஏசி அறையில் இருக்கும் அந்த லினக்ஸ் சர்வருக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஒரு பெட்டி, அதில் இரண்டு பச்சை விளக்குகள், அவ்வளவுதான். வரைபடம் போடும் மென்பொருள் அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். ஆபீசில் ஆறு பேர் அவரவர் மேசையிலிருந்து அதற்குள் நுழைந்து வேலை செய்வார்கள். ஏழாவது ஆள் தணிகாசலம். சுனாமிக்குப் பிறகு கரையோரக் கடலை மறுபடி அளந்து கொண்டுவந்த ஆழக் கணக்கை வரைபடமாக்குவதில் அவருக்கு ஈடாக ஆபீசில் ஆள் இல்லை. மே மாதம் அளவெடுக்கப் போய்த் திரும்பும்போது ஈசிஆர் ரோட்டில் வேன் இடித்தது. அதிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கை மட்டும் நன்றாக இருந்தது.

அந்தக் கையை நம்பித்தான் மெரின் முதலாளி ஆதிமூலத்திடம் போய் நின்றாள். ஆபீஸ் திரை அப்படியே ரெட்டியார்பாளையத்தில் தணிகாசலம் அண்ணன் வீட்டில் தெரியும்படி செய்துவிடலாம், மூன்று நாள் போதும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஆதிமூலம் கெட்ட மனிதர் இல்லை. ஐந்து மாதம் பொறுத்தவர். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேம்மா. அப்பறம் வேற ஆளத்தான் வெக்கணும்" என்றார்.

அன்று புதன்கிழமை.

சர்வரோடு வெறும் எழுத்தில் பேசும் வழி ஒன்று இருந்தது. மெரின் அந்த வழியாக உள்ளே போய், திரை தொடங்கும்போது எதெதை எழுப்ப வேண்டும் என்று சொல்லும் கோப்பைத் திறந்தாள். அது பாதியில் நின்றிருந்தது. விட்டுப்போன இரண்டு வரிகளைச் சேர்த்து மறுபடி கிளப்பினாள். சாம்பல் நிறம் மறைந்து, மேலிருந்து பாய் விரிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஆபீசின் நீலத் திரை இறங்கியது. தணிகாசலம் சிரித்துவிட்டார். அடுத்த அறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தனக்கொடி மெஷினை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். "வந்துடுச்சா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்வதற்கு முன்னாலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடல் வரைபடம் திறக்க நான்கு நிமிடம் பிடித்தது. தணிகாசலம் மவுஸை நகர்த்தினால், அம்புக்குறி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வேறு இடத்தில் போய் விழுந்தது. ஒரு கோடு இழுத்தார். அது கரையேறித் தென்னந்தோப்புக்குள் போய் நின்றது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். டெலிபோன் கம்பி வழியாக வரும் பிராட்பேண்டால் அவ்வளவு பெரிய படத்தை இழுத்து வர முடியவில்லை.

வியாழக்கிழமை முழுக்க மெரின் அங்கேயே இருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தனக்கொடி வந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாதாம். அப்போதெல்லாம் மெரின் வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாலையில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அவர் பக்கம் வரும் நிறங்களைக் குறைத்தாள். கம்பியில் வரும் சுமை குறைந்ததும் அம்புக்குறி கை போன போக்கில் ஓடியது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"கடல காணமேம்மா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒன்றாக, ஏழு நீலங்களில் கடலை வரைந்திருந்தார்கள். நிறம் குறைந்ததும் ஐந்து ஒன்றாகிப்போயின. எல்லாவற்றையும் ஒரே மையில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. நிறம் வேண்டுமென்றால் கை நிற்கிறது, கை வேண்டுமென்றால் கடல் போகிறது. எண்களைப் பார்த்து வரையலாமா என்று கேட்டாள். இத்தனை வருஷமும் அவர் எண்ணைப் பார்த்து வரைந்ததில்லை என்பது அவளுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை மெரின் ஆபீசுக்கு வந்து, தன் மேசையிலிருந்தே அவர் திரையைத் திறந்தாள். ஆபீசுக்குள் நிறத்தைக் குறைக்க வேண்டியதில்லை, அவளிடம் ஏழு நீலங்களும் இருந்தன. கடலின் மேல் அவர் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்ந்தது. போன் அடித்தது.

"மெரினு, மூணாவது நீலம் எங்க முடியுது? நீ பாத்துச் சொல்லு."

"இன்னும் கொஞ்சம் கெழக்காலண்ணே. இல்ல, தாண்டிட்டீங்க. மேல வாங்க."

ஒரு மணி நேரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு முடிந்தது. அதுவும் நடுங்கிக் கிடந்தது. ஆதிமூலம் ஒரு தரம் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். மெரினின் கை மவுஸின் மேல் போனது. அவள் இழுத்தாலும் அதே அம்புக்குறிதான் நகரும். கொஞ்சம் இழுத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மெல்ல ஒரு நூலளவு நகர்த்தினாள்.

அவர் திரையிலும் அம்பு தானாக நகர்ந்திருக்கும்.

"நீ தொட்டியாம்மா?" என்றார் தணிகாசலம்.

"ஆமாண்ணே" என்றாள்.

"தொடாத."

போன் வைக்கப்பட்டது. மெரின் கையை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் மூன்றாவது நீலத்துக்கும் நான்காவது நீலத்துக்கும் நடுவே அம்புக்குறி அசையாமல் நின்றது. லைன் அறுந்துவிட்டதா, தனக்கொடி வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறாளா, இல்லை அவர் கையை எடுத்துவிட்டாரா என்று தெரியவில்லை. உள்ளறையில் சர்வரின் மின்விசிறி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண் கொட்டாமல் அந்தச் சின்ன அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.