அப்பாவைக் காட்டிக்கொடுத்த கேட்

மகள் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே பயம். ஒரு சின்ன ஊருக்குக்கூடத் தனியாக மின்சாரம் கொடுக்கிற புது மாதிரி உலையை அங்கே உருவாக்குகிறார்கள், அதை இயக்கத்தான் தன்னைத் தயார் செய்கிறார்கள் என்று அவளும் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தாள். ம்ஹூம். விடுமுறைக்கு வந்தால் அவள் பையை வீட்டுக்குள் விடமாட்டார். கதிர்வீச்சு ஒட்டிக்கொண்டு வந்திருக்குமாம்! இரண்டு நாள் அது பால்கனியில் கிடக்கும். மனிதர் கணக்கு வாத்தியார் வேறு, யார் சொன்னாலும் கேட்கிற ரகமா?

பயிற்சி முடிகிற நாளில் வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மகள் வாசலிலேயே காத்திருந்தாள். உள்ளே போகிற எல்லோரும் கதிர்வீச்சைச் சோதிக்கும் கேட்டைத் தாண்டியாக வேண்டும். அம்மா தாண்டினாள், பச்சை விளக்கு. அப்பா காலை வைத்ததுதான் தாமதம், கேட் கத்தி ஊரைக் கூட்டிவிட்டது.

அப்பா பேயறைந்த மாதிரி நின்றார். மகள் போன வாரம்தான் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். எதையாவது கொண்டுபோய் அப்பாவுக்கு ஒட்டிவிட்டோமா? தினமும் இப்படியொரு கேட்டைத் தாண்டித்தான் வெளியே போகிறாள், அது ஒருநாளும் கத்தியதில்லை. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. பால்கனியில் கிடந்த பைதான் கண்முன் வந்து நின்றது.

எல்லோரும் மீட்டர் அக்கா என்று கூப்பிடுகிற பாதுகாப்பு அதிகாரி கைக்கருவியோடு வந்தார். கையில், செருப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. மார்புக்கு நேரே பிடித்ததும் கருவி படபடவென்று அடித்தது. திரையில் பெயர் வந்தது: டெக்னீசியம்.

மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது அவள் வேலை செய்கிற இடத்துச் சரக்கே இல்லை. ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் படம் பிடிக்க ஊசியில் ஏற்றுவது. வந்த உயிர் உடனே மறுபடியும் போயிற்று.

"அப்பா, ஹார்ட்டுக்கு ஸ்கேன் எடுத்தீங்களா?"

அப்பா கேட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அம்மாவை மட்டும் பார்க்கவில்லை.

"நேத்து ஸ்கூல்ல மீட்டிங்னீங்களே!" அம்மாவின் குரல் உடைந்தது.

"மாடி ஏறினா மூச்சு வாங்கிச்சு. இவ பயிற்சி முடியட்டும்னுதான் சொல்லல. டாக்டர் காலையில போன் பண்ணினார். அடைப்பு எதுவும் இல்லையாம். தினம் நடந்தாப் போதுமாம்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திட்டு சாயங்காலம் வரை ஓடினாலும் ஓடட்டும், அப்பா நன்றாக இருக்கிறார்.

"ரெண்டு மூணு நாள்ல தானா போயிடும் சார்," என்றார் மீட்டர் அக்கா. "அந்த மருந்துக்கு மூலப்பொருளே எங்க பழைய உலையிலதான் தயாராகுது. ஆனா இன்னிக்கு உள்ள விட முடியாது, திரும்பி வரும்போது ஒவ்வொரு கேட்டும் கத்தும். வெளி ரூம்ல உட்காருங்க, விழாவை டிவியில பார்க்கலாம்."

அப்பா அசடு வழியத் தலையாட்டினார். மகள் நெருங்கியதும் பதறிப் பின்வாங்கினார். "கிட்ட வராதே, ஒட்டிக்கும்!"

"ஒட்டாதுப்பா. ஒரு வருஷமா இதைத்தானே படிச்சேன்?"

அவள் இறுகக் கட்டிக்கொண்டாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றவர், மெதுவாக அவள் முதுகில் வைத்தார். பயிற்சிக்குப் போனதிலிருந்து அவர் அவளைத் தொட்டதே இல்லை.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதெல்லாம் சரி. ரெண்டு நாளைக்கு உங்க படுக்கை பால்கனியிலதான்."