நாலு மணிக்கு முன்னால்

ஒரு மணி நேரமாக அப்பா பிரித்துக் கட்டிய தபால் உறைகளை அவர் கண்ணெதிரிலேயே குவித்துக் கலைத்து, "இந்தாங்கப்பா, மறுபடியும் பிரிங்க," என்றான் மகன். தண்ணீர்ச் செம்பு பறந்து வந்து அவன் வழுக்கையில் விழுந்தது. முடி இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்யா. கட்டின கட்டைக் கலைக்கிறியே, எந்த ஆபீஸ் ஆளு நீ?"

"நீங்க ரிடையர் ஆகி இருபது வருஷம் ஆச்சுப்பா. நான் உங்க பையன்."

அடுத்துச் செருப்பும் வந்தது.

மறதி நோய்க்கு மூன்று வயது. சாயங்காலக் கூச்சல் புதுசு. "கத்துறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு ரெண்டு வாரம் எழுதுங்க. காரணம் பிடிபட்டா அடக்குற மாத்திரை வேண்டாம்," என்றிருந்தார் டாக்டர். அந்த மாத்திரையோடு பெரியப்பா கடைசி ஆறு மாதம் எச்சில் வடிய, வீட்டுச் சாமான்களில் ஒன்றாக உட்கார்ந்திருந்ததை மகன் பார்த்திருக்கிறான்.

அதனால் முடிந்த நாளெல்லாம் ஆபீஸில் பர்மிஷன் போட்டு, நாலு மணிக்கே வீட்டுக்கு ஓடிவந்தான். பாட்டுப் போட்டான்; அப்பா காதைப் பொத்திக்கொண்டார். கால் பிடித்துவிட்டான்; உதைத்தார். உறைகள் மட்டும் பலித்தன, அதுவும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கையில். "மெயில் வண்டி வந்துடுச்சு, தாத்தா," என்று கட்டுகளை இரு கையாலும் வாங்கிப்போய், சமையலறையில் கலைத்து, புதுத் தபாலாகக் கொண்டுவருவாள். அந்த நாலு எட்டு நடக்கச் சோம்பல்பட்டுத்தான் மகன் செம்படி வாங்கினான்.

எழுதும் நோட்டும் அவளிடம்தான். கேட்டால், "பாத்துக்கலாம் சார்."

பதினான்காம் நாளும் கூச்சல் ஓய்ந்த பிறகு கேட்டான். "நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும் சிஸ்டர். காரணம் கிடைச்சுதா?"

"டீ ஆறுது, குடிங்க சார்."

"பசியா? வெளிச்சமா? பக்கத்து வீட்டு ட்ரில்லிங் மெஷினா?"

"அதெல்லாம் இல்ல."

"மாத்திரைதான்னா சொல்லிடுங்க. தாங்கிப்பேன். தலையே தாங்கிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

"ஒன்பது நாள் கத்தியிருக்கார். ஒன்பதும் நீங்க சீக்கிரம் வந்த நாள். வந்ததும் அவர் வேலை போச்சுங்கிறீங்க, பையன்னு நிரூபிக்கப் பாக்குறீங்க. நீங்க லேட்டா வந்த அஞ்சு நாளும் கட்டு கட்டிட்டு, சாப்பிட்டு, சிரிச்சுட்டுப் படுத்தார். மாத்திரை வேண்டாம் சார். அவர் தூங்கினப்புறம் வாங்க."